கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது மார்க்கம்

"இந்தக் காலத்தில் மார்க்கப்படி வாழ முடியுமா?" என்ற கேள்வியை நம் முஸ்லிம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கலாம். ஊரை விட்டு வந்து பெங்களூர் போன்ற பெருநகரத்தில் பிழைப்பவர்கள் இதைச் சற்று அழுத்தமாகவே கேட்கிறார்கள். ஊரில் பாங்கு சொன்னால் தெருவே எழுந்து பள்ளிவாசலுக்குப் போகும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அலுவலகம், போக்குவரத்து நெரிசல், பிள்ளைகளின் படிப்பு, எந்நேரமும் கையில் செல்பேசி, இவற்றுக்கு நடுவே ஈமானைக் காப்பாற்றுவது எப்படி என்று கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கவலைப்பட்டுக் கொண்டிருக்கிறோமோ என்பதே என் சந்தேகம்.

நம் சங்க இதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர்கள். முஸ்லிம் வீட்டு விவகாரத்தை இங்கே எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். படித்து முடிக்கும்போது இதில் பாதி எல்லோர் வீட்டு விவகாரமும்தான் என்பது விளங்கும்.

வணக்கம் கடினமில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொழுகையும் நோன்பும் இந்த நகரத்தில் அப்படியொன்றும் முடியாத காரியங்கள் அல்ல. லுஹர் தொழுகைக்குப் பத்து நிமிடம் போதும். டீ குடிக்கப் போகிறவர்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது. ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி. அஸர் நேரம் ஷாஃபிகளுக்கு முந்தியும் ஹனஃபிகளுக்குப் பிந்தியும் வரும். இரு தரப்பாரும் ஒரே இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு அவரவர் நேரத்தில் தொழத்தான் செய்கிறார்கள். பயணத்தில் இருப்பவர் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம். நோயாளியும் பயணியும் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மார்க்கம் மனிதனை நெருக்கவில்லை. ரமலான் மாதத்தில் நோன்பு வைத்திருப்பவர் எதிரில் சாப்பிடக் கூச்சப்பட்டு எழுந்து போகும் பிற சமய நண்பர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். உலகமும் அவ்வளவாக நெருக்கவில்லை.

ஆகவே தொழுகைப் பாயில் இருக்கும்வரை நமக்குச் சிக்கல் குறைவு. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்த பிறகுதான் சிக்கல். கடன் வாங்கும்போது, முதலீடு செய்யும்போது, மகனுக்குப் பெண் பார்க்கும்போது, வாப்பாவின் சொத்தைப் பங்கு வைக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? அங்கே நம்மைத் தடுப்பது நவீன உலகம் அல்ல; பெரும்பாலும் நாமேதான்.

நீளமான வசனம் எதைப் பற்றியது?

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. அது சொர்க்கத்தைப் பற்றியதோ நரகத்தைப் பற்றியதோ அல்ல. இரண்டாம் அத்தியாயத்தின் 282-வது வசனம். கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. தவணை குறிப்பிட வேண்டும், எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும், கடன்பட்டவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதென்று அலுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பத்திர எழுத்தர் சொல்வதைப்போல விவரம் விவரமாகச் சொல்கிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்ற கட்டளையும் இருக்கிறது.

இறந்தவருக்குத் தொழவைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அழைத்தால், இவருக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். கடன் இருந்து, அதை அடைக்க வழியும் இல்லையென்றால், நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று விலகி நின்றிருக்கிறார்கள். தோழர் ஒருவர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்த நிகழ்ச்சியும் உண்டு. இன்றும் நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் மகனோ தம்பியோ எழுந்து நின்று, இவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சபையில் அறிவிக்கிறார்கள். அந்த வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு, ஈரத்தை மேலே வைத்தாலல்லவா வாங்குகிறவர் பார்ப்பார் என்று கடிந்துகொண்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் சொன்னார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வணக்கத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவே இந்த மார்க்கம் சுவர் எழுப்பவில்லை என்பது தெரியும். சுவரை எழுப்பிக்கொண்டவர்கள் நாம்.

'ஹலால்' என்ற பெயர்ப் பலகை

அந்தச் சுவரால் வந்த நஷ்டத்தைப் பெங்களூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2006-இல் இங்கே தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் வட்டியில்லாத, ஹலாலான முதலீடு என்று சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. முதலீடு செய்தவர்களைப் பங்குதாரர்கள் என்றே அழைத்தது. 2019 ஜூன் மாதம் அதன் உரிமையாளர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்ற செய்தி பரவியபோது சிவாஜி நகரில் அந்த அலுவலக வாசலில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜூலையில் அவர் டெல்லியில் கைதானார். விசாரணை மத்திய புலனாய்வுத் துறைக்குப் போனது. புகார் கொடுத்தவர்கள் பல்லாயிரம் பேர். சிக்கிய பணம் ஆயிரக்கணக்கான கோடி. பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்தது, ஹஜ்ஜுக்கு என்று ஒதுக்கி வைத்தது, ஓய்வுபெற்றபோது வந்தது என்று எத்தனையோ வீடுகளின் சேமிப்பு அதில் இருந்தது.

இவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வட்டிக்கு அஞ்சியவர்களே அதிகம். அவர்களுக்கு வேறு வழியும் காட்டப்படவில்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு இடம் தரலாம் என்று பரிந்துரை செய்தது. ஆனால் அந்தத் திட்டத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டதாக 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வந்த பதிலில் தெரியவந்தது. வங்கியின் கதவு மூடியிருக்கும்போது பக்கத்தில் 'ஹலால்' என்று பலகை மாட்டிய கதவு திறந்திருந்தால் மக்கள் நுழையத்தான் செய்வார்கள்.

ஆனாலும் நம் பங்கு தவறை மறைக்கக் கூடாது. பலகையைப் பார்த்தோமே தவிர, குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கவில்லை. இலாபத்தில் பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. முதல் போட்டவரின் முதல் குறையவும் கூடும். இதுதான் முளாரபா என்ற கூட்டு வியாபாரத்தின் அடிப்படை. மாதா மாதம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும், நஷ்டமே வராது என்று ஒருவர் சொன்னால், அதற்கு அரபியில் என்ன பெயர் வைத்தாலும் அது கூட்டு வியாபாரம் ஆகாது. பொதுவாக ஒரு கணக்குச் சொல்கிறேன். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36. மூன்று ஆண்டில் போட்ட முதலே திரும்பி வந்துவிடும். எந்தப் பலசரக்குக் கடை, எந்த நகைக்கடை வாடகையும் சம்பளமும் வரியும் போக இப்படி அள்ளிக்கொடுக்கும்? கடைக்காரப் பரம்பரையில் வந்த நமக்கு இது தெரியாததா? மார்க்கத்தின் பெயரைக் கேட்டதும் கணக்கைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டோம். கணக்கைக் கேட்பதுதான் மார்க்கம்.

வீட்டுக் கடனைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. வட்டிக்கு வாங்கி வீடு கட்டுவது கூடாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு. சிறுபான்மையாக வாழும் இடத்தில், குடியிருக்க வேறு வழியே இல்லாதபோது, ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் அனுமதி உண்டு என்று 1999-இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம் கூறியது. அதை ஏற்காதவர்களும் பலர். இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். ஆனால் குடியிருக்க ஒரு வீடு வாங்கத் தயங்கித் தயங்கி ஆலிமிடம் கேட்கிறவர், மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கும்போது யாரிடமும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

தஃப்தரில் எழுதுவதும் எழுதாததும்

கல்யாணத்துக்கு வருவோம். மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். அதை மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பது நான்காம் அத்தியாயத்தின் நான்காவது வசனம். கைக்கூலி வாங்குவதற்கு எந்த வசனமும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம்கூட இந்த வித்தியாசத்தை அறிந்திருக்கிறது. முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று விளக்கத்திலேயே விலக்கு அளித்திருக்கிறது. நாட்டின் சட்டமும் மார்க்கச் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் நாம் நிற்கிறோம்.

நிக்காஹ் மேடையில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரு பவுனோ சில ஆயிரமோ மஹர் என்று தஃப்தரில் எழுதி, வலியும் சாட்சிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். முந்தின வாரம் கைமாறிய ரொக்கமும், பேசி முடித்த ஐம்பது பவுனும், காரும் எந்தத் தஃப்தரிலும் இல்லை. எழுதச் சொன்னதை எழுதி, எழுத முடியாததை மறைத்துவிட்டு, எல்லோரும் கைகளை உயர்த்தி துஆ கேட்கிறோம். எழுதி வைக்கக் கூசுகிற கொடுக்கல் வாங்கல் எதுவாக இருந்தாலும், அதில் கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள்" என்பது மாப்பிள்ளை வீட்டார் வழக்கமாகச் சொல்லும் பதில். கேட்காமல் வாங்கியதால் பெண்ணைப் பெற்றவரின் கடன் குறைந்துவிடுமா? பெங்களூரில் ஓட்டலில் வேலை செய்தும், பழைய இரும்புக் கடை வைத்தும், ஆட்டோ ஓட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், கடைசி மகள் கல்யாணத்துக்காக அறுபது வயதில் வட்டி கட்டுகிறார். அந்த வட்டிப் பாவத்தில் வாங்கிக்கொண்ட வீட்டுக்குப் பங்கில்லையா?

ஜக்காத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 11 பவுன் தங்கம் ஓராண்டு கையிருப்பில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஜக்காத். அணியும் நகைக்கு இல்லை என்று ஷாஃபிகள் சொல்வார்கள். ஹனஃபிகளுக்கு நகைக்கும் உண்டு. நூறு பவுன் போட்டு அனுப்பப்பட்ட ஹனஃபி வீட்டு மருமகள் ஆண்டுதோறும் இரண்டரைப் பவுனின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். நகையோ மாமியாரின் பெட்டகத்தில் இருக்கிறது. கொடுப்பது யார் என்று கேட்டால் வீடே மௌனமாகிவிடும்.

விடுதலைப் பத்திரம்

அடுத்தது சொத்து. பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு, அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரி என்று திருக்குர்ஆன் தெளிவாகச் சொல்கிறது. மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. இந்தப் பாதிப் பங்கைப் பற்றி மேடைகளில் காரசாரமாக விவாதம் நடக்கிறது. விவாதிக்கிறவர்கள் விவாதிக்கட்டும். நான் கேட்பது வேறு. அந்தப் பாதியையாவது கொடுத்தோமா?

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. அன்றைய சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து, வயலுக்கும் தோப்புக்கும் ஷரீஅத் பங்கீடே பொருந்தும் என்று ஆக்கியது. ஆகவே தஞ்சாவூர்ப் பக்கத்து வயலானாலும் கம்பம் பக்கத்துத் தோப்பானாலும் சட்டப்படி மகளுக்குப் பங்கு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டையே மகளுக்குக் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும் இருக்கிறது. மற்ற ஊர்களில் நடப்பது என்ன? "உனக்குத்தான் கல்யாணத்தில் எல்லாம் செய்தாயிற்றே" என்று அண்ணன் சொல்வார். பெங்களூரிலிருந்து தங்கை பஸ் ஏறிப் போய், சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுப் புடவையோடு திரும்பி வருவார். கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைந்துவிடும் என்ற பயம்.

இந்துக் குடும்பங்களிலும் கதை இதுவேதான். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டம் வந்தது. அதன் பிறகும் விடுதலைப் பத்திரங்கள் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஐந்து வேளையும் தொழுகிற அண்ணன், கல்யாணச் செலவைக் காட்டித் தங்கையின் பங்கைக் கழித்துக்கொள்வது, ஒரு தவற்றுக்கு மேல் இன்னொரு தவற்றைக் கட்டுவதுதான். கைக்கூலி கொடுத்தது ஒரு பாவம். அதைச் சாக்காக வைத்துப் பங்கை மறுப்பது வேறொரு பாவம்.

ஏன் காதில் விழவில்லை?

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டவை நமக்கு ஏன் எட்டவில்லை? ஒரு காரணம் மொழி. பெங்களூரின் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜும்ஆ பயான் உருதுவில் நடக்கிறது. நம் பிள்ளைகளும் தொழுகையை நமாஸ் என்றும், நோன்பை ரோஜா என்றும் சொல்லப் பழகிவிட்டார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. உருதுவும் நல்ல மொழிதான். ஆனால் வார்த்தை பிடிபடும் அளவுக்குக் கருத்து பிடிபடுவதில்லை. தொழும் முறையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். கடன் சட்டத்தையும் பாகப் பிரிவினையையும் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. புரிகிற மொழியில் யாராவது சொல்ல வேண்டும். அ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் திருக்குர்ஆன் முழுவதையும் தமிழில் தந்துவிட்டுப் போனார்கள். அவருக்குப் பிறகும் பல தமிழாக்கங்கள் வந்திருக்கின்றன. பல வீடுகளில் அது உறை போட்டு உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் இறக்கி வைத்தாலும் பயனில்லை. நம் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்தும்போது முஸ்லிம் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று நான் சொல்வது மொழிப் பற்றினால் மட்டும் அல்ல.

செய்யக் கூடியவை

பெரிய திட்டங்கள் எதுவும் வேண்டாம். இருக்கிற ஏற்பாடுகளைக் கொண்டே சிலவற்றைச் செய்யலாம்.

ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். கொடுத்தது, திரும்பியது, நிலுவை மூன்றையும் வாங்கியவரின் பெயரைச் சொல்லாமல் மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் படிக்க வேண்டும். நம் பெண்கள் நடத்தும் சீட்டிலும் வித்தியாசம் இருக்கிறது. தள்ளி எடுக்கிற ஏலச் சீட்டில் ஒருவரின் அவசரம் இன்னொருவருக்கு இலாபமாகிறது. எல்லோரும் முழுத் தொகை பெறும் குலுக்கல் சீட்டில் அது இல்லை. தெரிந்தவர்களுக்குள், சட்டத்துக்கு உட்பட்டு, எழுதி வைத்து நடத்தினால் அது நல்ல உதவி.

முதலீடு என்று யார் வந்தாலும், பணம் எந்தத் தொழிலில் போகிறது, நஷ்டம் வந்தால் யாருக்கு, தணிக்கையான கணக்கு எங்கே, பணம் திரட்ட எந்த அரசு அமைப்பின் அனுமதி இருக்கிறது என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்துக் கேள்வியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். நிக்காஹ் எழுத வரும் இமாம், மஹரைத் தவிர வேறென்ன கொடுக்கல் வாங்கல் நடந்தது என்று சபையில் கேட்கட்டும். நாலு கல்யாணத்தில் சங்கடம் வரும். ஐந்தாவது கல்யாணத்தில் யோசிப்பார்கள். உம்ராவுக்குக் கிளம்புகிறவர்கள் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பள பாக்கி இருக்கிறதா, தங்கையின் பங்கு நிற்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

நவீன உலகம் நம் ஈமானைப் பறித்துக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வங்கிக் கணக்கும், பதிவு அலுவலகமும், தணிக்கையும், தகவல் உரிமைச் சட்டமும்கூட அந்த நவீன உலகம் தந்தவையே. எழுதி வை, சாட்சி வை, மறைக்காதே என்ற கட்டளையை நிறைவேற்ற முன்னோர்களுக்கு இல்லாத வசதிகள் நமக்கு இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த மனம் வேண்டும். வருகிற ரமலானுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், சகோதரிகளின் பங்கு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி முடித்துவிட்டால், அந்த ஆண்டு நோன்பு நமக்கு வேறு மாதிரி இருக்கும்.